காலித் தோட்டாவின் கணக்கு

அமெரிக்காவின் துப்பாக்கி சுடும் திடல்களில், சுட்டு முடித்தவர்கள் பலர் உடனே கிளம்புவதில்லை. தரையில் சிதறிக் கிடக்கும் பித்தளைக் குப்பிகளைக் குனிந்து பொறுக்கி, பையில் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். வீட்டுக்குப் போனதும் அவற்றைத் துலக்கி, புதிதாக மருந்தும் குண்டும் ஏற்றி, மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். ரீலோடிங் என்று இதற்குப் பெயர். சொந்த உபயோகத்துக்காக வீட்டில் இதைச் செய்பவருக்கு அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; விற்பதென்றால்தான் தனி உரிமம் வாங்க வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா செய்தாலும் குற்றம். ஆகவே நமக்கு இது செய்து பார்க்கும் விஷயம் அல்ல. ஆனால் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஒரு மேசையின் மேல் உலோகவியலும் வேதியியலும் இயற்பியலும் இத்தனை நெருக்கமாகக் கூடி நிற்கும் கைவேலைகள் அதிகம் இல்லை.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். முன்னால் குண்டு. அதைத் தாங்கிப் பிடிக்கும் பித்தளை உறை. உறைக்குள் மருந்து. அடிப்பக்கத்தில், துப்பாக்கியின் ஊசி வந்து இடிக்கும் இடத்தில் ப்ரைமர் என்ற சின்னப் பொட்டு. சுட்டபின் குண்டு பறந்துவிடும், மருந்து வாயுவாகிவிடும், ப்ரைமர் செத்துவிடும். உறை மட்டும் மிஞ்சும். நான்கில் பெரும்பாலும் விலை கூடியது அதுதான் என்பதால், அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வருவதில்லை.

சிக்கனம் ஒரு காரணம். 2020இல் அமெரிக்கக் கடைகளில் தோட்டாக்கள் தீர்ந்துபோனபோது பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள்; அப்போது ப்ரைமருக்கும் சேர்ந்தே பஞ்சம் வந்தது. போட்டியாளர்களுக்கு வேறு காரணம் உண்டு. யுஎஸ்பிஎஸ்ஏ போன்ற அமைப்புகளின் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண், அதாவது உந்தம், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது. அந்தக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கும் தோட்டாவைத் தன் துப்பாக்கிக்கென்றே தயாரித்துக்கொண்டால் கையில் உதைப்பு குறையும்; அடுத்த குறிக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவருக்கு அனுபவசாலிகள் ஏகப்பட்ட விதிகள் சொல்வார்கள். அம்மோனியா கலந்த திரவத்தால் துலக்காதே. மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கடித்துப் பார். முதலில் கேட்கும்போது இவையெல்லாம் மிரட்டல் போலத் தோன்றும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பௌதிக உண்மை இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பித்தளையிலிருந்து தொடங்குவோம். உறை செய்யும் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்த விகிதம் காரணத்தோடு வந்தது. 9 மில்லிமீட்டர் லூகர் 1902இல் பிறந்த தோட்டா; இன்று உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா அதுதான். அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2,400 மடங்கு. கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கணத்தில் உறையின் மெல்லிய சுவர் வெளிப்பக்கம் உப்பி, துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் சூடான வாயு பின்னால், சுடுபவரின் முகத்தை நோக்கி, கசிய வழியில்லை. குண்டு குழலைவிட்டு வெளியேறியதும் அழுத்தம் சரிகிறது. உறை சற்றே சுருங்கி எஃகிலிருந்து விலகுகிறது. அப்படி விலகினால்தான் துப்பாக்கியால் அதை வெளியே இழுத்துத் தள்ள முடியும். உலோகம் இன்னும் கடினமாக இருந்தால் பிளந்துவிடும். இன்னும் மென்மையாக இருந்தால் உப்பியது உப்பியபடியே சிக்கிக்கொள்ளும். விரிவதும் விலகுவதுமான இந்த இரண்டு வேலையும் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடுகின்றன.

சுருங்குகிறதே தவிர, பழைய அளவுக்கே அது திரும்புவதில்லை. எனவே ரீலோடிங்கில் முதல் பெரிய வேலை உறையை மறுபடி பழைய அளவுக்கு இறுக்குவது. பிரஸ் என்ற நெம்புகோல் கருவியில் டை எனும் உருளை அச்சைப் பொருத்தி, கைப்பிடியை இழுத்தால் உறை அச்சுக்குள் புகுந்து குறுகும். அதே இழுப்பில் ஒரு கம்பி உள்ளிருந்து இறங்கி, செத்த ப்ரைமரைத் தள்ளிவிடும். கைத்துப்பாக்கி உறைகள் பெரும்பாலும் நேரான சுவர் கொண்டவை. அவற்றுக்கான டைகளில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் இருப்பதால் எண்ணெய் பூச வேண்டிய அவசியமும் இல்லை. ரைபிள் உறைகளோடு மல்லுக்கட்டுவதைவிடக் கைத்துப்பாக்கித் தோட்டாவில் தொடங்குவது எளிது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு முறை உப்பி, ஒவ்வொரு முறை இறுக்கப்படும்போதும் பித்தளையின் படிக அடுக்குகளில் பிசகுகள் பெருகிப் பின்னிக்கொள்கின்றன. உலோகம் கடினமாகிறது, நெகிழ்வு குறைகிறது. பல முறை சுட்டபின் வாய் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் தெரியும். அந்த உறையின் ஆயுள் அத்துடன் முடிந்தது. ஒவ்வொரு உறையையும் விரலில் உருட்டிப் பார்க்கும் பழக்கம் இதனால் வந்தது.

அம்மோனியா கூடாது என்ற விதிக்குப் பின்னால் இந்தியாவைத் தொட்டுவரும் ஒரு வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே குதிரை லாயங்களை ஒட்டிச் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டாக்கள், யாரும் தொடாமலே, மழைக்காலத்தில் தாமாக வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்த நோய் என்பதால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921இல்தான் தெளிவானது: மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரின் ஆய்வு அதை விளக்கியது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து பித்தளையைத் தாக்குகிறது. உறையைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் அதே இடத்தைப் பிளக்கிறது. அம்மோனியா மட்டும் இருந்தாலும் விரிசல் இல்லை, இறுக்கம் மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் கூடினால்தான் வினை. மிதமான சூட்டில் பதப்படுத்தி இறுக்கத்தைத் தளர்த்துவது தீர்வாயிற்று. பித்தளைப் பாத்திரம் பளபளக்கச் செய்யும் சில திரவங்களில் அம்மோனியா உண்டு. அதில் ஊறிய உறை மின்னும், ஆனால் உள்ளுக்குள் பலவீனமாகும். உறைகளைத் துலக்க ஆட்கள் பயன்படுத்துவது மக்காச்சோளச் சக்கைத் தூள், வால்நட் ஓட்டுத் தூள், அல்லது தண்ணீரோடு எஃகு ஊசிகள்.

அடுத்தது ப்ரைமர். வீட்டில் ரீலோடிங் சாத்தியமா இல்லையா என்பதையே இந்தப் பொட்டின் வடிவம் தீர்மானித்துவிட்டது. 1866இல் இரண்டு வடிவங்கள் வந்தன. ஒன்று இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸருடையது, மற்றொன்று அமெரிக்காவின் ஹைரம் பெர்டனுடையது. ஊசி இடிக்கும்போது வெடிப்பொருள் நசுங்குவதற்கு எதிரே ஒரு சின்னப் பட்டறைக்கல் போன்ற முனை வேண்டும். பாக்ஸர் அதை ப்ரைமருக்குள்ளேயே வைத்தார். பெர்டன் உறையின் அடியிலேயே அமைத்தார். பாக்ஸர் உறையில் தீ போக நடுவில் ஒரே துளை. கம்பியை நேராக இறக்கி ப்ரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டன் உறையில் ஓரமாக இரண்டு நுண்துளைகள். கம்பியை இறக்கினால் கம்பிதான் உடையும். ஆங்கிலேயரின் வடிவம் அமெரிக்காவில் வேரூன்றியது, அமெரிக்கரின் வடிவம் ஐரோப்பாவில் நிலைத்தது. வீட்டு மேசையில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் தழைத்ததற்கு அந்த ஒற்றை நடுத்துளைக்குப் பெரிய பங்கு உண்டு. பொறுக்கி வந்த உறைக்குள் விளக்கடித்து, ஒரு துளையா இரண்டா என்று பார்ப்பது புதியவரின் முதல் பாடம்.

பழக்கம் தழைக்க வேறு காரணங்களும் உதவின. 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன், போர்க்காலத் தட்டுப்பாட்டில், சுட்டுத் தள்ளிய 22 காலிபர் உறைகளையே குண்டுக்கு மேலுறையாக மாற்றும் டைகளைச் செய்தார். இன்று ஆர்சிபிஎஸ் என்று அறியப்படும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. போர் முடிந்ததும் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தின் உபரி மருந்தை வாங்கி மலிவாக விற்றார். கருவியும் மருந்தும் சாமானியர் கைக்கு வந்துவிட்டன.

இனி மருந்து. எல்லா ஆபத்தும், எல்லா அழகும் இங்கேதான். பழைய கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கரியுமாகத்தான் போகும். 1884இல் பிரான்சின் பால் வியே, நைட்ரோசெல்லுலோஸைக் கூழாக்கி மெல்லிய தகடாக உலர்த்தி, புகையில்லா மருந்தைக் கண்டார். திறந்த வெளியில் ஒரு தேக்கரண்டி அளவைப் பற்றவைத்தால் அது கற்பூரம்போலக் கொழுந்துவிட்டு எரிந்து அடங்கிவிடும். வெடிக்காது. ஆனால் அடைத்த இடத்தில் அதன் குணமே மாறிவிடுகிறது. ஏன் என்பதற்கான விதியும் வியேயின் பெயரைத் தாங்கியதுதான்: சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற, மருந்துத் துகளின் மேற்பரப்பு எரியும் வேகமும் ஏறுகிறது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். எரிவதால் வாயு பிறக்கிறது. வாயு அழுத்தத்தை ஏற்றுகிறது. ஏறிய அழுத்தம் எரிதலை விரைவுபடுத்துகிறது. விரைந்த எரிதல் இன்னும் வாயுவைத் தருகிறது. தன்னையே தூண்டிக்கொள்ளும் இந்தச் சுழலுக்கு ஒரே தடை குண்டு நகர்வதுதான். குண்டு முன்னே போகப் போக வாயுவுக்கு இடம் கூடுகிறது, அழுத்தம் தணிகிறது. வாயு பிறக்கும் வேகத்துக்கும் இடம் விரியும் வேகத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் ஒரு மில்லி நொடிக்குள் முடிகிறது. நல்ல தோட்டா என்பது அந்தப் பந்தயத்தில் எந்தப் பக்கமும் மிஞ்சிவிடாமல் முன்கூட்டியே போட்ட ஏற்பாடு.

இதில் புழங்கும் அளவுகள் மிகச் சிறியவை. அமெரிக்கர்கள் மருந்தையும் குண்டையும் கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். நம் வீட்டுப் பெரியவர்கள் பொன் நிறுத்த பழைய தோலா 180 கிரெய்ன். 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றுக்கு வேண்டிய மருந்து ஏறத்தாழ ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் அடங்கியிருக்கும் வேதி ஆற்றல் தோராயமாக 1,400 ஜூல். எட்டு கிராம் குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 500 ஜூல் சொச்சம். மூன்றில் ஒரு பங்கு குண்டுக்குப் போகிறது. மிச்சம் வெப்பமாகவும் சத்தமாகவும் குழல்வாயில் வெளியேறும் வாயுவாகவும் தொலைகிறது.

கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது. ஆகையால் அதற்கான மருந்து வேகமாக எரிய வேண்டும். மெல்லிய செதில்களாகவோ நுண்ணிய உருண்டைகளாகவோ இருக்கும். நீண்ட குழல் கொண்ட ரைபிளுக்கு மெதுவாக எரியும் மருந்து வேண்டும். துகள்களின் மேல் எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சும் போடுவார்கள். இரண்டும் கருஞ்சாம்பல் நிறம். கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகப் பிரித்தறிய முடியாது. ரைபிள் உறைக்குள் தவறிப்போய் கைத்துப்பாக்கி மருந்து நிரம்பினால் துப்பாக்கியே சிதறும். மேசைமேல் ஒரே டப்பா என்ற விதி இதனால்தான்.

விளக்கடித்துப் பார்க்கும் விதிக்கு 38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவே சாட்சி. அது 1898ஆம் ஆண்டுத் தோட்டா. கரிமருந்துக் காலத்து அளவில் வடிவமைக்கப்பட்டது. இருபது கிரெய்னுக்குச் சற்று மேல் கரிமருந்து கொள்ளும்படி உறையை நீளமாக வைத்தார்கள். வேகமாக எரியும் புகையில்லா மருந்தில் அதில் நான்கில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. உறை நீளம் மட்டும் மாறவே இல்லை. ஆகவே இன்றைய 38 ஸ்பெஷல் தோட்டாவுக்குள் பெரும்பகுதி காலி இடம். கவனம் சிதறி ஒரே உறைக்கு இரண்டு தடவை மருந்து ஊற்றினாலும் அது வழியாது. குண்டும் வழக்கம்போல உட்காரும். வெளியிலிருந்து பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. வியேயின் சுழல் மட்டும் வித்தியாசத்தை உடனே கண்டுகொள்ளும். எரியும் பரப்பு இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்போடு நிற்பதில்லை. ஐம்பது துளை கொண்ட பலகையில் உறைகளை நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து ஊற்றிய பிறகு, ஒரு விளக்கைப் பிடித்து வரிசையாக மட்டம் பார்ப்பது இதற்காக. கூடுதல் இடம் அடைக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் நல்ல யோசனை. இரட்டிப்பு ஊற்றினால் அது வழிந்து காட்டிக்கொடுக்கும்.

மருந்தே ஊற்றாமல் விட்டால்? ஆபத்து இல்லை என்று தோன்றும். ஆனால் ப்ரைமரின் வலு மட்டுமே குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவழியில் நிறுத்திவிடும். சத்தம் மந்தமாக வரும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், பந்தயத்தில் இடம் விரிய வேண்டிய பாதை அடைபட்டுக் கிடக்கிறது. சத்தத்தில் மாறுதல் கேட்டால் விரலை எடுத்துவிட்டுக் குழலைச் சோதிக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

எனக்கு இவை எல்லாவற்றிலும் வியப்பானது குண்டு எவ்வளவு ஆழம் உட்காருகிறது என்ற விஷயம். 9 மில்லிமீட்டர் உறையின் உட்கொள்ளளவு ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவு. குண்டு கொஞ்சம் கீழே இறங்கினால் மருந்துக்கு எஞ்சும் இடம் பெருமளவு சுருங்கும். எரிதல் தொடங்கும்போதே அழுத்தம் மேலிருந்து தொடங்கும். ஸ்பீர் நிறுவனத்தின் கையேடு இதற்கு ஒரு சோதனையைக் காட்டுகிறது: குண்டை வேண்டுமென்றே முக்கால் மில்லிமீட்டர் ஆழமாக இறக்கியபோது, செம்பு உருளை நசுங்கும் அளவை வைத்து அளக்கும் முறையில் 28,000 ஆக இருந்த அழுத்தம் 62,000 ஆனது. நகத்தின் தடிமனைவிடச் சற்றே கூடிய தூரம், இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம். ஒவ்வொரு தோட்டாவின் மொத்த நீளத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளப்பதை நச்சரிப்பு என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள். உறையின் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் வேலையிலும் இதே கவலை. 9 மில்லிமீட்டரும் 45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவும் வாய் விளிம்பை வைத்துத்தான் அறைக்குள் நிற்கின்றன. அந்த விளிம்பை உள்ளே மடக்கிவிட்டால் தோட்டா அளவு மீறி உள்ளே போகும். ஆகவே லேசாகக் குவித்தால் போதும். ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு இருப்பதால் வாயை நன்றாகவே மடக்கலாம். உதைப்பின் அதிர்வில் மற்ற அறைகளில் காத்திருக்கும் குண்டுகள் முன்னே நழுவாமல் அது பிடித்துவைக்கும்.

வீட்டில் இருப்பவரால் அழுத்தத்தை அளக்க முடியாது என்பதே இந்தக் கைவேலையின் மையமான சிக்கல். 1926இல் தொடங்கிய எஸ்ஏஏஎம்ஐ என்ற தொழில் அமைப்பின் தர அளவுகளை வைத்து, மருந்து நிறுவனங்களும் குண்டு நிறுவனங்களும் சோதனைக் குழல்களில் அழுத்த உணரிகளைப் பொருத்திச் சுட்டுப் பார்த்து, எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எத்தனை கிரெய்ன் என்று அட்டவணை வெளியிடுகின்றன. தொடக்க அளவு ஒன்று, தாண்டக் கூடாத உச்ச அளவு ஒன்று. தொடக்க அளவில் சில தோட்டாக்கள் மட்டும் செய்து, சுட்டு, உறைகளைப் பார்த்து, அதன்பின் சிறிது சிறிதாக ஏற வேண்டும். அட்டவணையில் இல்லாத கூட்டணியை ஊகித்துச் செய்பவரை எந்தக் கெட்டிக்காரத்தனமும் காப்பாற்றாது. இந்தக் கட்டுரையில் எந்தக் கூட்டணிக்கும் துல்லியமான மருந்து அளவைத் தராததும் அதனால்தான். அது அச்சிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டியது.

பிரஸ் வாங்குவதில் பெரிய மர்மம் இல்லை. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்யும் எளிய வகை உண்டு. ஒரே இழுப்பில் நாலைந்து உறைகளில் நாலைந்து வேலைகளை நடத்தி, ஒவ்வொரு இழுப்புக்கும் முழுத் தோட்டா ஒன்றைத் தரும், டில்லன் நிறுவனத்துடையது போன்ற வேக வகையும் உண்டு. புதியவருக்கு முதல் வகையே உகந்தது என்பது என் கருத்து. மெதுவாக நடப்பதால் ஒவ்வொரு படியிலும் என்ன நிகழ்கிறது என்று கை உணரும். வேகக் கருவியில் ஐந்து விஷயங்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும்; கவனிக்கத் தெரியாதவருக்கு அது தகாது. தராசு மட்டும் மலிவாக வாங்கக் கூடாது.

வெடிப்பதைப் பற்றிய பயத்தில் பலர் மறந்துபோவது ஈயத்தை. ப்ரைமருக்குள் இருப்பதில் முக்கியமானது ஈய ஸ்டிஃப்னேட். சுட்டபின் அதன் ஈயம் நுண்தூளாக உறைக்குள் படிந்திருக்கும். உறைகளை உலர் தூளில் உருட்டித் துலக்கி மூடியைத் திறக்கும்போது எழும் புழுதியில் அது இருக்கிறது. மூச்சிலும் விரலிலும் ஏறி, சோற்றோடு உள்ளே போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எத்தனை சிறிய அளவிலும் கேடு. ஆகவே துலக்கும் வேலை வீட்டுக்கு வெளியே. சமையலறைப் பாத்திரம் எதுவும் அதற்கு வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் சாப்பாடு கூடாது. முடிந்ததும் கை கழுவி உடை மாற்ற வேண்டும். நீரில் துலக்கினால் புழுதி எழாது; ஆனால் அழுக்கு நீரைக் கவனமாகக் கொட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் வரும். ஐம்பது தோட்டா முடித்த பிறகு, நடுவில் ஒன்றில் மருந்து ஊற்றினோமா என்று நினைவு தடுமாறும். அதற்கும் ஒரு கருவி இருக்கிறது: பார்க்கச் சுத்தியல் மாதிரி, தலைப்பகுதி உள்ளீடற்ற பிளாஸ்டிக். தோட்டாவை அதன் தலையில் பூட்டி, கட்டையின்மேல் ஓங்கி ஓர் அடி. சுத்தியல் சட்டென்று நிற்க, கனமான குண்டு சடத்துவத்தால் தொடர்ந்து நகர்ந்து உறையைவிட்டுக் கழன்று விழும். மருந்தும் உள்ளேயே சேகரமாகும். நிறுத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். எந்த வகை மருந்து என்றே தெரியாத பழைய தோட்டாவாக இருந்தால் குண்டையும் உறையையும் வைத்துக்கொள்ளலாம். மருந்தைத் திரும்ப எந்த டப்பாவிலும் போடக் கூடாது.